ஐந்தாம் குடுவை கலங்கிய நாள்

போன மாதம் பிரீத்தி போன் செய்தாள். ஒரகடத்தில் நான் ஓய்வு பெற்ற ஆய்வகத்தில் இப்போது என் வேலையைப் பார்ப்பவள். அங்கே புதிதாக ஓர் இயந்திரம் வந்திருக்கிறதாம். நாங்கள் கையால் ஒவ்வொன்றாக மாற்றிய கிருமிகளை அது ஒரே மூச்சில் மாற்றிவிடுகிறதாம். "மேடம், வந்து மூணு மாசம் ஆச்சு, ஒரு தப்புகூடப் பண்ணல. நீங்க கையால பண்ணப்போ எப்பவாச்சும் மாறிப் போயிருக்கா?" என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்டதுதான்.

"ஒரு தடவை" என்றேன். "அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

அப்புறம் சொல்லவில்லை. பென்னலூரில் எங்கள் வீடு சின்னது. கூடத்திலிருந்து சமையலறைக்கு ஒன்பது எட்டு. அதையே நடந்துகொண்டிருந்தேன். "இன்னாத்துக்கு இப்பிடி நடந்துகினே கீற? உக்காரேன்" என்றார் என் வீட்டுக்காரர். உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. கடைசியில் மகளுடைய பழைய நோட்டு ஒன்றை எடுத்துவைத்து எழுத ஆரம்பித்தேன். பிரீத்திக்கு மட்டும் எழுதுவதாக இருந்தேன். எழுத எழுத, வேறு சிலரும் படித்தால் தேவலை என்று பட்டது.

நான் விலங்கியல் படித்தவள். படிப்பு முடிந்ததும் ஒரு பால் நிறுவனத்தில் பரிசோதனை உதவியாளராகச் சேர்ந்து பதினோரு வருடம் பாலில் கிருமி எண்ணினேன். கையைச் சுத்தமாக வைத்துக்கொள்வதும், தீப்பக்கத்தில் வைத்தே குழாயைத் திறப்பதும், எண்ணியதை எண்ணிய கையோடு எழுதிவிடுவதும் அங்கே படிந்த பழக்கம். ஒரகடம் பக்கம் கார் கம்பெனிகளும் அவற்றுக்கு உதிரி பாகம் செய்யும் மெஷின் ஷாப்புகளும் வந்தபோது, அந்த ஷாப்புகளுக்குக் கூலன்ட் விற்கும் நிறுவனம் ஒன்று சின்னதாக ஆய்வகம் திறந்தது. அதில் சேர்ந்தேன்.

இரும்பைக் கடையும்போது சூடு தணிய அதன்மேல் பால்போல் வெள்ளையான ஒரு திரவம் ஊற்றிக்கொண்டே இருக்கும். எண்ணெயும் தண்ணீரும் கலந்தது. அதுதான் கூலன்ட். மெஷினுக்கு அடியிலுள்ள தொட்டியில் தேங்கி, மறுபடி மேலே ஏறும். தேங்கிய இடத்தில் கிருமி சேரும். இரண்டு நாள் விடுமுறை விட்டு வந்து மெஷினைப் போட்டால் அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று வரும். அதைக் கொல்ல ஒரு ரசாயனம் உண்டு. அதன் பெயர் வாயில் நுழையாது. ஷாப்பில் எல்லோரும் 'மருந்து' என்றுதான் சொல்வார்கள். அந்த மருந்தையும் எங்கள் நிறுவனமே விற்றது. கேனோடு ஒரு தாள் கொடுப்பார்கள். அதில் ஒரு வரி: 'நாற்றம் திரும்பினால் அளவைக் கூட்டவும்.'

எங்கள் ஆய்வகத் தலைவர் முத்தையா சாருக்கு அந்த வரி பிடிக்கவில்லை.

சார் திருநெல்வேலிப் பக்கம். நெடுநெடுவென்று இருப்பார். ஆய்வகத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. குரலை உயர்த்த மாட்டார், பாராட்டவும் மாட்டார். ஏதாவது நன்றாக வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார், அவ்வளவுதான். நான் சேர்ந்த முதல் வாரம், ஒரு குடுவையைக் காட்டி, "இது தெளிவா இருக்கு சார்" என்றேன். "பாத்தியா, நெனச்சியா?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. குடுவையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். அடியில் மெல்லிய படலம் ஒன்று புகையாக எழுந்தது. "பாத்தத நோட்டுல எழுதும்மா. நெனச்சத எங்கிட்ட வந்து சொல்லு. ரெண்டையும் கலக்காத" என்றார்.

மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால் கிருமி என்ன ஆகும்? செத்து ஒழியுமா, அல்லது பழகிக்கொள்கிற ஒன்று அதில் பிறந்து, அதன் வம்சம் மட்டும் பெருகுமா? அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். பரிணாமம் என்றால் மலையளவு காலம் வேண்டும் என்று நான் கல்லூரியில் படித்திருந்தேன். சார் சிரித்தார். "இதுக்கு அரை மணிக்கு ஒரு பிள்ளடா சாமி. நாம காத்திருக்க வேண்டாம். அதுதான் நமக்காகக் காத்திருக்கும்."

வடக்குப்பட்டு அருகே ஒரு மெஷின் ஷாப்பிலிருந்து முதல் கிருமியை எடுத்துவந்தேன். அங்கேதான் தேவராஜைப் பார்த்தேன். சிஎன்சி என்னும் கம்ப்யூட்டர் கடைசல் மெஷின் ஓட்டுபவர், நாற்பது வயது இருக்கும். சுத்தமான வேலைக்காரர். என் பாட்டிலை வாங்கித் தொட்டியில் முக்கி, வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்துத்தான் கொடுத்தார். "இந்த நாத்தத்துக்கு ஒரு வழி கண்டுபுடிங்க மேடம். வூட்டுக்குப் போனா பொண்ணு பக்கத்துல வர மாட்டேங்குது" என்றார். என் நம்பரை வாங்கிக்கொண்டார்.

மொத்தம் பன்னிரண்டு குடுவைகள். ஒன்றிலிருந்து ஆறு வரை மருந்து உண்டு, அதன் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போவோம். ஏழிலிருந்து பன்னிரண்டு வரை மருந்து கிடையாது. தினமும் காலை ஒன்பதரைக்கு, நேற்றைய குடுவையிலிருந்து ஒரு சொட்டளவு எடுத்து அதே எண் போட்ட புதுக் குடுவையில் விட வேண்டும். ஒன்றை எடு, எண்ணைப் பார், மூடியைத் திற, வாயைத் தீயில் காட்டு, சொட்டை எடு, புதுக் குடுவையில் விடு, மூடு, பழையதை அதன் இடத்திலேயே வை, உறிஞ்சுகுழாயின் நுனியை வீசு, புது நுனி போடு. அடுத்தது இரண்டு. முடிந்ததும் புதியவற்றை, இளஞ்சூட்டில் குடுவைகளை ஆட்டும் பெட்டியில் வைக்க வேண்டும். பழையவற்றை ஒரே ஒரு நாள் குளிர்பெட்டியில் வைத்திருந்து, ஏதும் குழப்பம் இல்லையென்றால் ஆவியில் வேகவைத்துக் கொட்டிவிடுவோம்.

ஒற்றைப்படைக் குடுவைகளில் தட்டில் வளர்த்தால் வெள்ளையாக வரும் வகை, இரட்டைப்படையில் மஞ்சளாக வரும் வகை. பக்கத்துக் குடுவையோடு கலந்துவிட்டால் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து கிளிசரின் கலந்து, கடுங்குளிர் பெட்டியில் உறைய வைப்போம். அதில் கிருமி சாகாது, உறங்கும். வேண்டும்போது எழுப்பலாம்.

குடுவை நிறைந்ததும் பெருக்கம் நின்றுவிடும் என்பதால் ஒரு நாளைக்கு ஆறேழு தலைமுறைதான். ஞாயிறு கிடையாது, கிறிஸ்துமஸ் கிடையாது. தம்பி கல்யாணத்தன்று மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பட்டுப்புடவை மேல் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு பன்னிரண்டையும் மாற்றிவிட்டு விருந்துக்குத் திரும்பினேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஒரு நாள் தவறினால் என்ன ஆகும் என்பதைவிட, அந்தக் குடுவைக்குள் இன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்று பார்க்காமல் இருக்க முடியாததுதான் காரணம். ஒரு வருட மழையில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்து, சாலையெல்லாம் தண்ணீர் ஓடி, ஆலை பஸ் நின்றுபோனது. நான்கு நாள் என்னால் போக முடியவில்லை. சார் அங்கேயே தங்கி, அவரே மாற்றி, ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றி, கடுங்குளிர் பெட்டியைக் காப்பாற்றினார். ஐந்தாம் நாள் நான் முழங்கால் சேற்றோடு போய் நின்றபோது, "கோட்டப் போடு, ஒம்பதரை ஆச்சு" என்றார்.

குடுவைக்குப் பின்னால் நாளிதழைப் பிடித்தால் கிருமி குறைவாக இருக்கும்போது எழுத்து தெரியும். நிறைந்துவிட்டால் தெரியாது. அளக்கக் கருவி இருந்தது, ஆனாலும் சார் முதலில் நாளிதழைப் பிடிக்கச் சொல்வார். மாதக்கணக்கில் மருந்துக் குடுவைகள் ஆறிலும் தலைப்புச் செய்தியைத் தாராளமாகப் படிக்கலாம். ஒருநாள் காலை மூன்றாம் குடுவைக்குப் பின்னால் நாளிதழே இல்லாததுபோல் இருந்தது. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கெட்டியாகக் கலங்கியிருந்தது. சார் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி பார்த்துவிட்டு மறுபடி துடைத்தார். மூன்றாம் குடுவைக் கிருமியை எடுத்துச் சோதித்தபோது, ஷாப்பில் ஊற்றும் அளவைப்போல் இரண்டு மடங்கு மருந்திலும் அது வாழ்ந்தது.

ஆனால் ஆறில் ஒன்று என்றால் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். இன்னொன்றிலும் தனியாக நடந்தால், எங்கேயும் நடக்கும் என்று பொருள். அந்த இரண்டாவதுக்காகக் காத்திருந்தோம். அரை மணிக்கு ஒருமுறை ஆட்டும் பெட்டியின் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்ப்பேன். "பாத்தா சீக்கிரம் வந்துருமா?" என்பார் சார். அவரும் அதற்குத்தான் எழுந்து வந்திருப்பார்.

பதினைந்து நாள் கழித்து என் மகளுக்கு பிளஸ் டூ ரிசல்ட்.

ரிசல்ட் வருவதும் ஒன்பதரை மணிக்குத்தான். போனை வெளியே தட்டில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது எங்கள் விதி. அன்று நான் வைக்கவில்லை. கோட்டுப் பையில் இருந்தது. மூன்றாம் குடுவையை மாற்றி முடிக்கும்போது பையில் நடுங்கியது. எடுக்கவில்லை. மூன்றை வைத்தேன், நான்கை மாற்றினேன், ஐந்தை மாற்றினேன், ஆறை மாற்றினேன். மறுபடி மறுபடி நடுங்கியது. பன்னிரண்டையும் எப்படி முடித்தேன் என்று தெரியாது. வெளியே ஓடி வந்து பார்த்தேன். பாஸ். நல்ல மார்க். சாய்ங்காலம் ஆய்வகம் முழுக்க இனிப்பு கொடுத்தேன். சார் ஒரு ஜாங்கிரியைப் பாதியாகப் பிட்டு எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஐந்தாம் குடுவை கலங்கியிருந்தது.

சார் என் தோளைத் தட்டினார். பத்து வருடத்தில் முதல் தடவை. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போதுதான் உள்ளே ஒன்று கடித்தது. நேற்று மூன்றை எங்கே வைத்தேன்?

எண்களை மார்க்கர் பேனாவில் எழுதுவோம். ஸ்பிரிட் துணி பட்டுப் பட்டு 3-உம் 5-உம் பாதி அழிந்து ஒன்றுபோல் ஆகிவிடும். போன் நடுங்கிய நேரத்தில் மூன்றை அதன் இடத்தில் வைக்காமல் ஐந்தின் பக்கத்தில் வைத்து, ஐந்து என்று மறுபடி அதையே எடுத்திருந்தால்? இரண்டும் ஒற்றைப்படை. இரண்டும் வெள்ளை. நிறம் காட்டிக்கொடுக்காது. முந்தைய நாள் குடுவைகள் அப்போது குளிர்பெட்டியில்தான் இருந்தன. 'சார், ஒரு நிமிஷம்' என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே சோதித்திருக்கலாம். நான் சொல்லவில்லை. மாலையில் அவற்றை வேகவைத்துக் கொட்டியவளும் நான்தான்.

ஒன்பது நாள் சொல்லவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன், இடம் இருந்தும். மகள் கல்லூரி விண்ணப்பம் பற்றிப் பேசினால் எரிந்து விழுந்தேன். நல்ல மார்க் எடுத்த பிள்ளைக்குத் தன் அம்மா ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று புரியவில்லை. சார் இதற்குள் அறிக்கை எழுதத் தொடங்கிவிட்டார்: 'இரண்டு குடுவைகளில், தனித்தனியாக.' எட்டாம் நாள் தேவராஜ் போன் செய்தார்.

"மேடம், மறுபடி நாத்தம். சூப்பர்வைசரு இன்னும் ரெண்டு மூடி ஊத்துன்றாரு. போன வாரந்தான் ரெண்டு மூடி ஏத்தினோம். இன்னா பண்ணட்டும்?"

"ஊத்தாதீங்க" என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. "சார்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றேன். மறுநாள் காலை குடுவைகளை மாற்றி முடித்ததும் சார் மேசைக்கு எதிரே போய் நின்றேன்.

"சார், அஞ்சாம் குடுவை நெஜமா அஞ்சாம் குடுவைதானான்னு எனக்குத் தெரியல."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "பாத்தியா, நெனச்சியா?"

"நெனைக்கிறேன் சார். பாக்கல. அன்னைக்கு ரிசல்ட்டு. போனைக் கோட்டுலயே வெச்சிருந்தேன். மூணை மாத்தி முடிக்கறப்போ அடிச்சுது. மூணைக் கீழ வெச்சேன். எங்க வெச்சேன்னு ஞாபகம் இல்ல."

"எத்தன நாளாச்சு?"

"ஒம்போது நாள்."

"அன்னைக்கே சொல்லிருந்தா பழைய குடுவ கையில இருந்திருக்கும்."

"தெரியும் சார்."

"தெரியும்லா?" என்றார். அவ்வளவுதான். கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். பிறகு, "வா. பெட்டியத் தொற" என்று நடந்தார். தேவராஜ் கேட்டது அதில் அமுங்கிப்போனது.

ரிசல்ட் நாளுக்கு நான்கு நாள் முன்பு உறைய வைத்த ஐந்தாம் குடுவைக் கிருமி, மழையில் சார் டீசல் ஊற்றிக் காத்த அதே பெட்டியில் இருந்தது. அதை எழுப்பி, அதே மருந்தளவில், புதிதாக மாற்றத் தொடங்கினோம். கலங்கினால், ஐந்து தானாகவே அந்த வழியில் போய்க்கொண்டிருந்தது என்று நம்பலாம். கலங்காவிட்டால் நான் மாற்றி வைத்திருக்கிறேன். கூடவே மூன்றையும் ஐந்தையும் மரபணு வரிசை பார்க்க வெளியூருக்கு அனுப்பினோம். எண்களை மார்க்கரில் எழுதுவதை நிறுத்தினார் சார். அச்சடித்த ஒட்டுத்தாள், மூன்று எல்லாம் சிவப்பு, ஐந்து எல்லாம் நீலம்.

நாற்பது நாள். தினமும் அந்தக் குடுவைக்குப் பின்னால் நாளிதழைப் பிடித்தேன். தினமும் எழுத்து தெரிந்தது. கலங்கிவிடு, கலங்கிவிடு என்று அதனிடம் கெஞ்சினேன். நாற்பது நாளும் தெளிவாகவே நின்றது. வெளியூர் முடிவும் வந்தது. மூன்றிலும் ஐந்திலும் ஒரே இடத்தில், ஒரே எழுத்து மாறியிருந்தது. தனித்தனியாக வந்தவை என்றால் கூடவே வேறு வேறு சின்ன மாற்றங்களும் இருந்திருக்கும். இவை அச்சு அசலாக ஒன்று. ஐந்தாம் குடுவையில் இருந்தது மூன்றாம் குடுவை. அங்கே அதை ஊற்றியவள் நான்.

சார் அறிக்கையைத் திருத்தினார். ஐந்தாம் குடுவை நீக்கப்பட்டது, காரணம் இது என்று ஒரு பக்கம் எழுதினார். கடைசியில், 'பிழையைக் கண்டறிந்தவர்: ரோசலின்' என்று இருந்தது. படித்துவிட்டு அவரிடமே திருப்பினேன்.

"இது பாதிதான் சார்."

"மீதிய நீ எழுது" என்று பென்சிலை நீட்டினார். 'பிழையைச் செய்தவரும், கண்டறிந்தவரும்' என்று மேலே எழுதிச் சேர்த்தேன். டைப் அடிப்பவர் அப்படியே அடித்துவிட்டார்.

அதற்கான விலை நிர்வாகக் கூட்டத்தில் தெரிந்தது. மருந்து விற்பனையைப் பார்த்த மேலாளர் அந்த ஒரு பக்கத்தை மட்டும் மடித்து வைத்துக்கொண்டு வந்திருந்தார். "ஆறு குடுவையில ஒண்ணு. அதுவும் குடுவை மாறிப்போற லேப்ல. இத நம்பி தாளை மாத்தணுமா?" என்றார். அறையில் சிலர் சிரித்தார்கள். நான் கதவோரம் நின்றிருந்தேன். சார் என்னைப் பார்க்காமல், "அந்தப் பக்கத்த எழுதாம விட்டுருந்தா நீங்க நம்பிருப்பீங்கள்லா?" என்று கேட்டார். யாரும் முடிவு சொல்லவில்லை. கூட்டம் கலைந்தது.

வெளியே வந்ததும் சார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். நான் நடந்துகொண்டே யோசித்தேன். மாதக்கணக்கில் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்த்தோமே, அதையேதானே தேவராஜ் இரண்டு மூடி, இரண்டு மூடியாகச் செய்துகொண்டிருக்கிறார்? நம் குடுவை பத்து மில்லி. அவர் தொட்டி இருநூறு லிட்டர்.

"சார், நான் ஷாப்புக்குப் போய் கூலன்ட் எடுத்துட்டு வர்றேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நாம முதல்லயே போயிருக்கணும்" என்றார்.

வடக்குப்பட்டு ஷாப்பில் தேவராஜைப் பார்த்ததும் முதலில் கைகள்தான் கண்ணில் பட்டன. முகம் அதேதான். கைகள் வேறு யாருடையவோ போல் இருந்தன. இரண்டு உள்ளங்கையும் சிவந்து, தோல் உரிந்து, விரல் மடிப்புகளில் வெடித்திருந்தது. "நாத்தம் போவல மேடம், கைதான் போச்சி. ஆஸ்பத்திரில கேட்டாங்க, இன்னாத்துல கை வெக்கிறன்னு. மருந்துலன்னேன், சிரிச்சிட்டாங்க" என்றார். உள்ளே வரும்போது விரல் வைக்கும் வருகைப்பதிவு இயந்திரம் அவர் விரலை ஏற்கவில்லையாம். தோலில் ரேகை இல்லை. "தெனம் செக்யூரிட்டி வந்து எழுதினு உடறாரு. நான்தான் நானுன்னு."

நான்கு மெஷின்களிலிருந்து கூலன்ட் எடுத்தேன். ஒன்று தேவராஜுடையது. ஒன்று அதே அளவு மருந்து கண்டது. ஒன்று குறைவாகக் கண்டது. ஒன்று பழுதுபார்த்து, தொட்டி கழுவி, இரண்டு வாரமே ஆனது. ஆய்வகத்தில் சார் அவற்றை வாங்கி, பெயர்களை உரித்து, க, ச, ட, த என்று ஒட்டினார். எது எதுவென்று ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டி, உறையை விற்பனை மேலாளரிடமே கொடுத்துவிட்டு வந்தார். நான் சோதனை செய்தேன், எனக்கே தெரியாமல். இந்தத் தடவை போன் என் வீட்டில் இருந்தது.

ஒரே நாளில் வந்தது முடிவு. 'ச'வும் 'த'வும் சாதாரண அளவு மருந்தில் கலங்கின, இரண்டு மடங்கிலும் கலங்கின. 'க' சாதாரண அளவில் மட்டும் லேசாக. 'ட' எதிலும் வளரவில்லை. மேலாளர் அறையில், அவர் கையாலேயே உறையைப் பிரித்தார். 'ச' தேவராஜின் மெஷின். 'த' அதே அளவு மருந்து கண்டது. 'ட' கழுவிய தொட்டி.

அவர் தாளை முழுக்கப் படித்தார். பிறகு உண்மையாகவே மகிழ்ச்சியோடு, "அப்போ இன்னும் ஸ்ட்ராங்கா ஒரு மருந்து கொண்டுவரலாமே சார்?" என்றார்.

"கொண்டு வாங்க" என்றார் முத்தையா சார். "அதுக்கும் இதே கததான் வரும். நடுவுல இன்னும் எத்தன பேரு கை போகும்னு மட்டும் நான் கணக்குச் சொல்ல மாட்டேன்."

அடுத்த மாதம் தாள் மாறியது. பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு வரி போய் இன்னொரு வரி வந்தது: 'நாற்றம் திரும்பினால் அளவைக் கூட்டக் கூடாது. தொட்டியைக் காலி செய்து கழுவவும்.' அச்சான அன்றே ஒரு கட்டை எடுத்துக்கொண்டு நானே வடக்குப்பட்டு போனேன். தபாலில் அனுப்பலாம் என்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

மத்தியானம், ஷிப்ட் மாறும் நேரம். தேவராஜ் மெஷின் முன்னால் இருந்தார். தாளை நீட்டினேன். "கையில களிம்பு கீது மேடம், படிங்க" என்றார். மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் படித்தேன். இரண்டாம் ஷிப்டுக்கு வந்தவர்களும் நின்று கேட்டார்கள். தேவராஜ், "இன்னொரு தபா" என்றார். மறுபடி படித்தேன்.

அவர் திரும்பி, சிவப்புப் பொத்தானை முழங்கையால் அழுத்தினார். மெஷின் இறங்கி நின்றது.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "இன்னா தேவராஜ், இன்னும் நாப்பது பீஸு கீது!"

"தொட்டி கழுவணும் சார். மருந்து விக்கிறவங்களே போட்டுகீறாங்க, பாருங்க."

"ஆயுத பூஜைக்குக் கழுவறோம்ல?"

"அதுக்கு இன்னும் ரெண்டு மாசம் கீது."

"லைன நிறுத்தினா மெமோதான் குடுப்பேன். அப்புறம் என்னிய கேக்காத."

"குடு சார்" என்றார் தேவராஜ். குரலில் கோபமே இல்லை. "கை ஆறட்டும். கையெழுத்து போட்டு வாங்கிக்கிறேன்."

பக்கத்து மெஷின் நின்றது. அதற்கடுத்ததும் நின்றது. யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. இரண்டு பேர் தொட்டியின் மூடியைத் தூக்கினார்கள். வந்த நாற்றத்தில் சூப்பர்வைசர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நாலடி பின்னால் போனார். அங்கிருந்தே பராமரிப்புப் பிரிவுக்குப் போன் போட்டார். தொட்டியின் சுவரில் விரல் தடிமனுக்கு வழவழப்பாகக் கிருமிப் படலம் படிந்திருந்தது. கையுறை மாட்டிக்கொண்டு நானும் சுரண்டினேன். தேவராஜைத் தொட விடவில்லை, அவர் நின்று இடம் காட்டினார். அன்று அந்த வரிசையில் இரண்டாம் ஷிப்ட் ஓடவில்லை.

அதோடு எல்லாம் தீர்ந்துவிடவில்லை. சில வாரத்தில் லேசாக நாற்றம் திரும்பியது, மறுபடி கழுவினார்கள். மற்ற ஷாப்புகளில் எத்தனை பேர் அந்தத் தாளைப் படித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தேவராஜை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். மெஷின்காரராகத் திரும்ப விடவில்லை. அது அவருக்கு வருத்தம்தான். மெமோ சொன்னபடி மறுநாளே வந்திருக்கிறது. அவர் வாங்கவில்லை. நான்கு மாதம் சூப்பர்வைசர் மேசையில் கிடந்திருக்கிறது.

ஒருநாள் மத்தியானம் போன் செய்தார்.

"மேடம், இன்னிக்கு நானே போயி மெமோவ கேட்டு வாங்கிகினேன். கை ஆறிடிச்சி. முழுப் பேரும் எழுதினேன், இனிஷியலோட."